கடற்கரை வீட்டில் அசெம்பிள்டு சிஸ்டம் ஸ்லோ ஆனால்: பாகம் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று ராமநாதபுரம் கரையோரத்தில் எந்த ஊரை எடுத்தாலும், பாகம் பாகமாக வாங்கிக் கோத்த கம்ப்யூட்டரான அசெம்பிள்டு சிஸ்டத்தைப் பற்றி வரும் புகார் கிட்டத்தட்ட ஒன்றுதான். "வாங்குனப்ப நல்லா ஓடுச்சு, இப்ப ஒரு ஃபைல் திறக்க அஞ்சு நிமிசம் ஆகுது. மதர்போர்டு போயிருச்சுன்றாங்க." மதர்போர்டு அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. ராம் ஸ்லாட்டில் உட்காரும் இடம், ஹார்டு டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிள் செருகும் இடம், கிராஃபிக்ஸ் கார்டின் விளிம்பு, பேட்டரி தொடும் தகடு என உலோகமும் உலோகமும் தொடுகிற இடங்களைத்தான் உப்புக்காற்று முதலில் பிடிக்கும். அங்கே சுத்தம் செய்தாலே தீர்ந்துவிடும் பழுதுகள் நிறைய. ஆகவே பாகம் வாங்க மதுரைக்கு பஸ் ஏறும் முன் ஒரு வரிசையில் பாருங்கள்: முதலில் திரையிலேயே அளக்க வேண்டும், அடுத்து டேட்டாவைக் காப்பாற்ற வேண்டும், ஸ்க்ரூ டிரைவர் அதற்குப் பிறகுதான்.

(நம் பக்கம் பெட்டி முழுவதையும் 'சிபியு' என்று சொல்வது வழக்கம். குழப்பம் வராமலிருக்க இங்கே பெட்டியை கேபினெட் என்றும், உள்ளே இருக்கும் சிப்பை ப்ராசஸர் என்றும் சொல்கிறோம்.)

திறக்காமலே அரை மணி நேரம்

சிஸ்டத்தை ஆன் செய்து பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். அப்டேட்டும் ஆன்டிவைரஸ் ஸ்கேனும் அந்த நேரத்தில்தான் ஓடும். அதை வைத்து 'ஸ்லோ' என்று முடிவு செய்தால் கணக்கு தப்பும். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். எல்லோரும் சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். விஷயம் அதன் கீழே இருக்கும் சின்ன எண்களில் இருக்கிறது.

'சிபியு' பக்கத்தில் (இங்கே அது ப்ராசஸரைக் குறிக்கும்) 'பேஸ் ஸ்பீடு' என்று ஓர் எண்ணும், 'ஸ்பீடு' என்று மாறிக்கொண்டே இருக்கும் இன்னோர் எண்ணும் இருக்கும். ஏதாவது கனமான வேலை கொடுத்துவிட்டுப் பாருங்கள். பேஸ் 3.6 கிகாஹெர்ட்ஸ் என்றிருக்க, வேலை நடக்கும்போதும் 0.8-லேயே நின்றால் ப்ராசஸர் தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது. சூடுதான் அதற்கு வழக்கமான காரணம்.

மெமரி பக்கத்தில் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: மொத்த அளவு, ஸ்பீடு, 'ஸ்லாட்ஸ் யூஸ்டு'. 8 ஜிபி ராம் இரண்டு போட்டிருக்கிறீர்கள், ஆனால் 8 ஜிபிதான் காட்டுகிறது, அல்லது 'ஹார்டுவேர் ரிசர்வ்டு' என்று பல ஜிபி காணாமல் போயிருக்கிறது என்றால், ஒரு ராம் தொடர்பு அறுந்திருக்கிறது. கரையோர வீடுகளில் அடிக்கடி காண்பது இது. ஸ்பீடு 3200 இருக்க வேண்டிய டிடிஆர்4 ராம் 2133 அல்லது 2400 என்று காட்டினால், பயாஸ் (போர்டிலேயே இருக்கும் ஆரம்பப் புரோகிராம்) செட்டிங் அழிந்திருக்கிறது. அதற்குக் காரணமான பேட்டரியைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

டிஸ்க் பக்கத்தில் 'ஆக்டிவ் டைம்' 100 சதவீதத்தில் நின்றால் மட்டும் பதற வேண்டாம். அதனுடன் 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' எத்தனை மில்லிசெகண்ட் என்று பாருங்கள். நல்ல எஸ்எஸ்டியில் (சுழலும் தகடு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) அது ஒன்றிரண்டைத் தாண்டாது. சுழலும் ஹார்டு டிஸ்க்கில் சாதாரணமாகப் பத்து இருபது இருக்கும், வேலை கூடும்போது நூறைத் தாண்டும். ஆனால் பெரிதாக எதுவும் காப்பி ஆகாமல், வேகம் ஒரு எம்பிகூட இல்லாமல், ரெஸ்பான்ஸ் மட்டும் ஆயிரம் இரண்டாயிரம் என்று ஏறினால் டிஸ்க்கோ அதன் கேபிளோ தகராறு செய்கிறது.

'நெட் ஸ்லோ' என்பதையும் 'சிஸ்டம் ஸ்லோ' என்று சொல்பவர்கள் உண்டு. லேன் கேபிளில் வரும் இணைப்பு 1000 எம்பிபிஎஸ்-க்குப் பதில் 100 என்று காட்டினால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். 1000-க்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100-க்கு இரண்டு ஜோடி போதும். ஒரு கம்பியின் தொடர்பு பச்சை பூத்துவிட்டாலே சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். பிளக்கை வெட்டிப் புதிது கிரிம்ப் செய்தால் போதும்.

இந்த எண்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தால் பெரும்பாலும் பழுது ஹார்டுவேரில் இல்லை. ஸ்டார்ட்அப்பில் குவிந்த புரோகிராம்கள், 4 ஜிபி ராமில் விண்டோஸ் 11, திறந்தே கிடக்கும் முப்பது டேப்கள் என்று வேறு பக்கம் தேடுங்கள். விண்டோஸ் 10 அல்லது 11 சுழலும் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றப்பட்டிருந்தால் அது ஸ்லோவாகத்தான் இருக்கும். பழுது என்று அதைச் சொல்ல முடியாது, ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி மாட்டி அதில் விண்டோஸை ஏற்றினால் தீர்ந்தது. பழுதில்லாத சிஸ்டத்தைக் கழற்றிப் பழுதாக்க வேண்டாம்.

ஹார்டு டிஸ்க்

ஸ்லோ என்றதும் முதல் சந்தேகம் இதன்மேல்தான் விழ வேண்டும். டேட்டா இருப்பது இங்கே என்பதால் அவசரமும் இதற்குத்தான் அதிகம்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச புரோகிராமைப் போடுங்கள். 'குட்', 'காஷன்' என்ற நிறத்தை மட்டும் நம்பாமல் நான்கு வரிகளைப் படியுங்கள். எண்கள் பதினாறு அடிமானத்தில் (எழுத்துகளும் கலந்து) இருக்கும். ஃபங்ஷன் மெனுவில் பத்தின் அடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

05 என்ற வரி, கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு சேமிப்புக் கட்டங்கள்) எண்ணிக்கை. நாலைந்து இருந்து, மாதக்கணக்கில் அப்படியே நின்றால் கண்காணித்துக்கொண்டே ஓட்டலாம். சி5 என்பது படிக்க முடியாமல் முழிக்கும் செக்டர்கள். ஸ்லோவுக்கு நேரடிக் காரணம் இதுதான். டிஸ்க் அந்த ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும்போது சிஸ்டம் முழுவதும் உறைந்து நிற்கும். சி6 என்பது எவ்வளவு முயன்றும் படிக்க முடியாதவை. சி5, சி6 இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஏறுமுகத்தில் இருந்தால் அந்த டிஸ்க்குக்கு வைத்தியம் இல்லை.

சி7 வேறு கதை. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையே கேபிளில் போகும்போது சிதைந்த டேட்டாவின் எண்ணிக்கை அது. டிஸ்க் நன்றாகவே இருக்கும், கேபிளின் முனையில் உப்பு பூத்திருக்கும். சி7 ஒருமுறை ஏறினால் இறங்காது. அதனால் இன்றைய எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்து, சாட்டா கேபிளை மாற்றிவிட்டு, மூன்று நாள் கழித்துப் பாருங்கள். எண் நகராமல் நின்றால் பழுது கேபிளோடு போயிற்று. சொற்பக் காசுக்குக் கேபிளை மாற்றிப் பார்க்காமல் டிஸ்க்கையே தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

விண்டோஸ் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் 'சிஸ்டம்' பதிவையும் திறந்து பாருங்கள். 'டிஸ்க்' என்ற பெயரில் 7 என்ற எண் வந்தால் கெட்ட செக்டர். 153 என்றால் ஒரு வேலையை மறுபடி செய்ய வேண்டி வந்திருக்கிறது. 129 (இது 'டிஸ்க்' அல்லாத வேறு பெயரில் வரும்) என்றால் டிஸ்க் பதில் சொல்லாமல் ரீசெட் செய்யப்பட்டிருக்கிறது. 129-உம் 153-உம் வந்து, சி5 பூஜ்யமாக இருந்தால் கேபிளையும் பவர் கனெக்டரையும் சந்தேகியுங்கள்.

சி5 ஏறிய டிஸ்க்கில் செய்யக் கூடாத வேலை ஒன்று உண்டு: விண்டோஸின் டிஸ்க் சோதனையான செக்டிஸ்க்கை ஓட்டுவது. அது டிஸ்க்கின் கடைசி மூச்சு வரைக்கும் வேலை வாங்கிவிடும். முதலில் குழந்தைகளின் படம், பத்திரங்களின் ஸ்கேன், கடைக் கணக்கு என்று திரும்பக் கிடைக்காதவற்றை வேறு டிஸ்க்கில் எடுங்கள். பெரிய சினிமா ஃபைல்கள் கடைசியில் வரட்டும். காப்பி நடக்கும்போது டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். மேலும் ஓட்டினால் தலைப்பகுதி தகட்டைச் சுரண்டிவிடும். டிஸ்க்கின் மேல் 'இந்தத் துளையை மூடாதே' என்று குறித்திருக்கும் சின்ன ஓட்டையில் பில் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். உள்ளே வெளியே காற்றழுத்தம் சமமாவது அதன் வழியாகத்தான்.

எஸ்எஸ்டியாக இருந்தால் ஹெல்த் சதவீதத்தையும் காலியிடத்தையும் பாருங்கள். 80, 85 சதவீதத்துக்கு மேல் நிரம்பிய மலிவு எஸ்எஸ்டி, புதிதாக இருந்தாலும், எழுதும் வேகத்தில் படுத்துவிடும். 15 முதல் 20 சதவீதம் காலியாக விடுங்கள்.

உப்பு என்ன செய்கிறது

மழை நாளில் அடுக்களையில் கல் உப்பு ஜாடி கசிந்து நிற்குமே, அதேதான் மதர்போர்டின் மேலும் நடக்கிறது. சோடியம் குளோரைடு மட்டும் என்றால், காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையும். ஆனால் கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதம் போதும். ஆகவே கரையோர வீட்டில் படியும் தூசி, வெயில் காயும் நாளிலும் முழுதாகக் காய்வதில்லை. அந்த ஈரம் மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும்.

1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் இந்தக் காற்றை எதிர்த்து ஓயாமல் பெயின்ட் அடித்தார்கள். அப்படியும் துரு முற்றி 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தது. ராமின் பற்களுக்கு (விளிம்பிலுள்ள தங்க நிறக் கோடுகள்) இருக்கும் காவல் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய தங்கப் பூச்சு மட்டும்தான். தங்கம் துருப்பிடிக்காது. ஆனால் பூச்சில் இருக்கும் நுண்துளைகள் வழியாக அடியிலுள்ள நிக்கலும் செம்பும் அரிபட்டு, பச்சையும் வெள்ளையும் கலந்த பொடியாக மேலே வரும். தொடர்பு முழுதாக அறுந்தால் சிஸ்டம் ஆன் ஆகாது, உடனே தெரிந்துவிடும். அரைகுறையாக அறுந்தால்தான் தொல்லை: பிழை வரும், திருத்திக்கொள்ளும், மறுபடி வரும். திரையில் ஒன்றும் தெரியாது, வேகம் மட்டும் போய்விடும். ஈவன்ட் வியூவரில் 'வியா லாகர்' என்ற பெயரில் 17 என்ற எண் வரிசையாக நிறைந்திருந்தால், கிராஃபிக்ஸ் கார்டு போன்றவை செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் இப்படிப் பிழை திருத்தும் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் ஜிபியு-இசட் புரோகிராமில் 'பஸ் இன்டர்ஃபேஸ்' பாருங்கள். கேள்விக்குறியைத் தட்டி சோதனையை ஓட்டிய பிறகும் 16 இருக்க வேண்டிய இடத்தில் 4 அல்லது 1 என்று காட்டினால் கார்டின் விளிம்பைச் சுத்தம் செய்ய வேண்டும். (சில கார்டுகளும் சில ஸ்லாட்டுகளும் பிறவியிலேயே 8 அல்லது 4 தான், மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

சுத்தம் செய்யும் முறை

தேவையானவை: நட்சத்திரத் தலை ஸ்க்ரூ டிரைவர், மென்மையான புதிய டூத் பிரஷ் ஒன்று, பெயின்ட் பிரஷ் ஒன்று, மூக்குக் கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணி, வெள்ளை நிற மென்மையான பென்சில் ரப்பர், 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் 100 மில்லி, 99 சதவீதம் 100 மில்லி, தெர்மல் பேஸ்ட் (ப்ராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே பூசுவது) ஒரு சிறு சிரிஞ்சு.

ஆல்கஹால் ஏன் இரண்டு வகை? 99 சதவீத ஐசோபுரோபைல் எண்ணெய்ப் பிசுக்கையும் பழைய பேஸ்டையும் எடுக்கும், உப்பைக் கரைக்காது. உப்பைக் கரைப்பது தண்ணீர்தான். 70 சதவீதத்தில் மீதி 30 தண்ணீர் என்பதால் அது உப்பை எடுக்கும். அதன் மேல் 99-ஆல் துடைத்தால் மிஞ்சிய தண்ணீரை அது இழுத்துக்கொண்டு ஆவியாகும். உள்நாட்டு ஊர்களுக்காகச் சொல்லும் வீடியோக்களில் 99 மட்டும் போதும் என்பார்கள். அது நம் கரைக்குப் பொருந்தாது. 70 கிடைக்காவிட்டால், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை 99-உடன் மூன்றுக்கு ஏழு என்ற கணக்கில் கலந்துகொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரும் போர் தண்ணீரும் கூடவே கூடாது. தின்னர், பெட்ரோல், துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே எதுவும் வேண்டாம்.

பவர் வயரை சுவரிலிருந்து உருவிவிட்டு, பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். ஈரக்காற்றில் ஸ்டேடிக் (உடம்பில் சேரும் நிலைமின்சாரம்) அவ்வளவாகச் சேராது. ஏசி அறையில் செய்தால் அடிக்கடி தொடுங்கள். கழற்றும் முன் நாலு கோணத்தில் மொபைலில் படம் எடுத்து வையுங்கள், குறிப்பாக முன்பக்கப் பட்டன்களின் மெல்லிய வயர்கள் செருகியிருக்கும் இடத்தை.

தூசியை முதலில் பெயின்ட் பிரஷ்ஷால் கிளப்பி, ஹேண்ட் ப்ளோயரால் வெளியே தள்ளுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், காற்றில் கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் போகும். மெக்கானிக் கடை கம்ப்ரஸருக்குக் கொண்டுபோக வேண்டாம். அந்தத் தொட்டிக்குள் தண்ணீர் தேங்கியிருக்கும், எண்ணெயும் கலந்து வரும். நீங்கள் எடுக்கப் போன ஈரத்தை அதுவே உள்ளே தெளிக்கும்.

ராமைக் கழற்றி பற்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மங்கல், புள்ளி, பச்சை இருந்தால் 70 சதவீதத்தில் நனைத்த துணியால் மேலிருந்து விளிம்பு நோக்கி ஒரே திசையில் துடையுங்கள். போகவில்லை என்றால் மட்டும் வெள்ளை ரப்பரால் மெதுவாக நாலைந்து இழுப்பு. பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் தங்கத்தையே உரித்துவிடும். இன்று வேலை செய்யும், ஆறு மாதத்தில் முன்னைவிட மோசமாகும். ரப்பர் துகளைத் தட்டிவிட்டு 99-ஆல் துடைத்து முடியுங்கள். ஸ்லாட்டுக்குள் துணியைச் செருகாதீர்கள், நூல் மாட்டும். டூத் பிரஷ்ஷில் 99-ஐத் தொட்டு நீளவாக்கில் நாலு முறை இழுத்தால் போதும். காய்ந்தபின் ராமை ஐந்தாறு முறை செருகி எடுங்கள், அந்த உரசலே உள்ளே இருக்கும் படலத்தை வழிக்கும். இரண்டு ராம் என்றால் நாலு ஸ்லாட் போர்டில் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் போட்டால் பல போர்டுகளில் ஒரே சேனலில்தான் ஓடும், வேகம் குறையும்.

இதே முறைதான் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் போர்டிலேயே செருகும் எம்.2 எஸ்எஸ்டிக்கும். சாட்டா கேபிள், 24 பின் பவர் கனெக்டர், ப்ராசஸருக்கான 8 பின் கனெக்டர் ஆகியவற்றை ஒருமுறை உருவித் திரும்பச் செருகுங்கள். உள்ளே ஒரு பின் மட்டும் பழுப்பேறியிருந்தால் அந்த இடத்தில் தொடர்பு சரியில்லாமல் சூடேறியிருக்கிறது. அந்தக் கேபிளை மாற்ற வேண்டும். தண்ணீர் கலந்த கலவை பட்ட பாகங்களை ஜன்னல் மூடிய அறையில் சீலிங் ஃபேனின் கீழ் இரவு முழுக்கக் காய விடுங்கள். வெயிலில் வைக்கிறேன் என்று மொட்டை மாடிக்குக் கொண்டுபோனால் கடல்காற்று மறுபடி உப்பைப் பூசிவிடும்.

போர்டில் இருக்கும் வட்டமான பேட்டரியையும் இப்போதே பார்த்துவிடுங்கள். சிஆர்2032 பேட்டரி புதிதில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும், 2.8-க்குக் கீழ் இறங்கினால் மாற்றுங்கள். அது தீர்ந்தால், சுவர் ஸ்விட்சை அணைக்கும் ஒவ்வொரு இரவும் பயாஸ் பழைய நிலைக்குப் போகும். தேதி தப்பும், தேதி தப்பினால் பாதுகாப்பான வெப்சைட்கள் திறக்காது, ராமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங் அணைந்துபோகும். பேட்டரி மாற்றியும் அப்படியே நடந்தால் பேட்டரி உட்காரும் தகட்டின் அடியில் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

சூடு

ஹெச்டபிள்யூ இன்ஃபோ அல்லது ஹெச்டபிள்யூ மானிட்டர் புரோகிராமில் வெப்பத்தைப் பாருங்கள். நம் அறைகள் கோடையில் 32, 34 டிகிரியில் இருப்பதால் சும்மா இருக்கும்போது 45 முதல் 50 டிகிரி காட்டுவது சகஜம். வேலையில் 80, 85 வரைக்கும் பொறுக்கலாம். இன்டெல் சிப்கள் பெரும்பாலும் 100-ஐ ஒட்டியும், ஏஎம்டியின் ரைசன் சிப்கள் 90, 95-ஐ ஒட்டியும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பக்கவாட்டு மூடியைத் திறந்து ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்துப் பாருங்கள். பத்து டிகிரி இறங்கினால் காற்றோட்டம்தான் குறை. இறங்கவே இல்லை என்றால் பேஸ்ட் காய்ந்திருக்கிறது அல்லது ஹீட் சிங்க் (ப்ராசஸரின் மேல் உட்காரும் உலோகப் பாளம்) சரியாக உட்காரவில்லை. கூட வரும் இன்டெல் ஹீட் சிங்க்கின் நாலு பிளாஸ்டிக் முளைகளில் ஒன்று ஏறாமல் நிற்பது வழக்கமான தவறு. போர்டின் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் நாலும் ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும். போடும்போது எதிரெதிர் மூலைகளாக அழுத்துங்கள். ஏஎம்4 சாக்கெட் ரைசனில் ஹீட் சிங்க்கை நேராகத் தூக்கினால் ப்ராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்து பின்கள் வளையும். பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து வயரை உருவி, இடமும் வலமுமாகத் திருகி எடுங்கள். பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும்.

அலுமினிய மடிப்புகளுக்கு நடுவே தூசியும் உப்பும் சேர்ந்து அப்பளம் மாதிரி கெட்டியாகியிருக்கும், ப்ளோயருக்கு அது வராது. ஃபேனைத் தனியாகக் கழற்றிவிட்டு ஹீட் சிங்க்கை மட்டும் டிஸ்டில்டு வாட்டரில் பிரஷ் போட்டுக் கழுவிக் காய வைக்கலாம்.

கரண்ட், எர்த், எஸ்எம்பிஎஸ்

லோ வோல்டேஜில் சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றுவதைப் பார்த்து, சிஸ்டமும் அப்படித்தான் மெதுவாகிறது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கேபினெட்டுக்குள் கரண்ட் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ், உள்ளே 12 வோல்ட்டைக் கொடுக்கும் அல்லது கைவிரித்து ரீஸ்டார்ட் ஆக்கும், இரண்டுக்கும் நடுவே பெரிதாக ஒன்றும் கிடையாது. அடிக்கடி கரண்ட் போய் வருவதால் டிஸ்க்குக்கு வரும் சேதம்தான் பிறகு ஸ்லோவாகத் தெரிகிறது. ஏவிஆர் (வோல்டேஜைச் சீராக்கும் பகுதி) உள்ள லைன் இன்டராக்டிவ் யுபிஎஸ் ஒன்று அவசியம்.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, சும்மா தொங்கும் நாலு பின் கனெக்டரில் கறுப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே அளங்கள்: 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் இருக்க வேண்டும். கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25. கேமோ வீடியோ எடிட்டிங்கோ ஓடும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். எல்லை தாண்டினால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள், திறக்காதீர்கள். வயரை உருவிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். பின்பக்க ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பல்லி முட்டையோ எறும்புப் புற்றோ தெரிந்தால் அதற்கும் மாற்றுவதுதான் வழி.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? எர்த் வேலை செய்யவில்லை. எர்த் அறுந்த எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர், மெயின்ஸில் பாதி, அதாவது 115 வோல்ட் அளவுக்கு கேபினெட்டின் மேல் ஏற்றும்; கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. எலக்ட்ரீஷியனை வைத்து பிளக் பாயின்ட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள், இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டக் கூடாது. மணல் தரையில் சித்திரை வைகாசியில் எர்த் குழி வறண்டுபோகும். இரும்புக் குழாயில் வயர் முடுக்கிய நட்டும் போல்ட்டும் உப்பில் கரைந்திருக்கும். குழியில் தண்ணீர் ஊற்றுவதோடு அந்த நட்டையும் மாற்றுங்கள்.

இன்னும் பிடிபடவில்லை என்றால்

எல்லாவற்றையும் கழற்றி, போர்டு, ப்ராசஸர், ஒரே ராம், ஒரே எஸ்எஸ்டி மட்டும் வைத்து ஓட்டுங்கள். ப்ராசஸரில் கிராஃபிக்ஸ் இருந்தால் கார்டும் வேண்டாம். இன்டெலில் எஃப் என்று முடியும் மாடல்களில் அது இருக்காது. நன்றாக ஓடினால் ஒவ்வொரு பாகமாகச் சேருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். அவசரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. ராமுக்கு மெம்டெஸ்ட்86-ஐப் பென் டிரைவில் ஏற்றி நாலு சுற்று ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் பிழைதான். ஆனால் எக்ஸ்எம்பியை அணைத்து, பற்களைத் துடைத்து, ஸ்லாட்டை மாற்றி மறுபடி பார்த்த பிறகே ராமைக் குற்றம் சொல்லுங்கள். பிழை ராமோடு போகிறதா, ஸ்லாட்டோடு நிற்கிறதா என்பதில் விடை இருக்கிறது. ஸ்லாட்டோடு நின்றால், அல்லது போர்டில் கப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால், அப்போதுதான் மதர்போர்டு போயிற்று என்ற பேச்சு.

வைக்கும் இடம்

கடல் பார்த்த ஜன்னலுக்கு நேராக வேண்டாம். தரையிலிருந்து ஓர் அடியாவது உயரம் வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் ஆனி ஆடியில் மணலும் சேர்ந்து வரும்; காற்று உள்ளே போகும் பக்கத்தில் கொசுவலைத் துணியை வெட்டி ஒட்டி வாரம் ஒருமுறை கழுவி மாட்டுங்கள். மேலே சொன்ன சுத்தத்தைக் கச்சான் ஓய்ந்ததும் ஒருமுறை, வாடையோடு மழை முடிந்து தை பிறந்ததும் ஒருமுறை செய்தால் போதும்.

ஓடாமல் மூடிக் கிடக்கும் சிஸ்டம்தான் சீக்கிரம் பாழாகும். ஓடும்போது இருக்கும் சூடு ஈரத்தை அண்டவிடாது. விடுமுறையில் ஊருக்குப் போனாலும் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லிவிட்டுப் போங்கள். அணைத்தவுடன் பிளாஸ்டிக் உறையைப் போட்டால் உள்ளே வேர்க்கும், இருபது நிமிடம் ஆறியபின் பருத்தித் துணியால் மூடுங்கள். ஏசி அறையென்றால், ஏசியை அணைத்ததும் ஜன்னலைத் திறக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் கடல்காற்று பட்டால் குளிர்ந்த பாட்டிலில் வேர்ப்பதுபோல நீர் கோக்கும்.

கடைசியில் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றால், 05, சி5, சி6, சி7 எண்கள், வேலையில் காட்டிய வெப்பம், 12 வோல்ட் அளவு, எந்தப் பாகம் கழற்றியபோது என்ன ஆனது என்பதை ஒரு தாளில் எழுதி கேபினெட் மேல் ஒட்டுங்கள். பைக்கில் பாம்பன் சாலைப் பாலம் தாண்டி ராமநாதபுரம் வரை போவதானால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றித் துணியில் சுற்றிப் பையில் தனியாக வையுங்கள். கனமான கிராஃபிக்ஸ் கார்டையும் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் வழியில் குலுங்கி ஸ்லாட்டை உடைத்துவிடும்.